நான்கு மூச்சு

அவள் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
வெற்றிக்கதை என்று நினைத்து
யாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பெர்கனில் மழை. அது செய்தியல்ல.
படியேறி வந்தாள் குத்ரூன்,
ஐம்பத்திரண்டு வயது, கார்களை அக்கரை சேர்க்கும் படகில்
துணைக் கேப்டன்.
மஞ்சள் மழைச்சட்டையைக் கொக்கியில் மாட்டாமல்
மடியிலேயே வைத்துக்கொண்டாள்,
சீக்கிரம் கிளம்ப வேண்டிவரலாம் என்பதுபோல்.
கையில் மீன்கடை ரசீது.
அதன் முதுகில் பென்சிலால் கேள்விகள்.

சுவரில் என் சான்றிதழ்கள் நான்கு.
ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை.

"பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் வரும்போது
வழிகாட்ட ஒரு பைலட் ஏறுவார்.
பாறைகள் எங்கே என்று அவருக்குத் தெரியும்.
என் பாறைகள் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.
உங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்லும்வரை
கேட்டுக்கொண்டிருப்பது என் வேலை.
"அதற்கா மணிக்கு இவ்வளவு குரோனர்?"
அதற்குத்தான்.

சிரித்தாள். ரசீதில் ஒரு கோடு விழுந்தது.

"தூக்கம் வருவதில்லை. அது உங்கள் கணக்கில் வருமா?"
எத்தனை நாளாய்?
"அண்ணன் தவறியதிலிருந்து."
முதலில் டாக்டரிடம் போங்கள் என்றேன்,
துக்கத்துக்கு இலக்கும் தேதியும் குறிக்க
என்னால் ஆகாது.
இன்னொரு கோடு.

"உங்களிடம் வந்தும் தேறாதவர்கள் உண்டா?"
உண்டு. பெயர் சொல்லமாட்டேன்.
"நல்லது. என் பெயரையும் சொல்லாதீர்கள்."

(குத்ரூன் அவள் பெயரல்ல.
படகும் ஒருவேளை படகல்ல.)

பிறகு ரசீதை நாலாய் மடித்தாள்.
"கம்பெனி எனக்குக் கரையில் ஒரு மேசை தருகிறது.
சம்பளம் கூடுதல்.
ஜன்னலிலிருந்து படகு தெரியுமாம்."

நிறுத்தினாள்.

அங்கேதான்.
கண்ணாடியில் நீர் வழிந்தது, கெட்டில் முனகியது.
எங்கோ ஆழத்திலிருந்து
எதையோ அவள் இழுத்துக்கொண்டிருந்தாள்,
வலை பாதி தண்ணீருக்கு மேலே.
நானோ, இருபது வருடப் பழக்கத்தில்,
இல்லை, பயத்தில்,
வாயைத் திறந்தேன்:

"ஐந்து வருடம் கழித்து
அந்த மேசையில் நீங்கள் எப்படி இருப்பீர்கள்?"

நல்ல கேள்வி. என் பாடநூலில் அடிக்கோடிட்டது.
வலை நழுவும் சத்தம்
எனக்கே கேட்டது.
அவள் மரியாதைக்கு ஒரு பதில் சொன்னாள்.
மழைச்சட்டையை மாட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை செய்தி வந்தது.
"டாக்டரைப் பார்த்தேன், அதற்கு நன்றி.
வேறொருவரிடம் போகிறேன்.
சின்னப் பெண். கேள்விகள்கூடச் சில சமயம்
பாதியில் நின்றுவிடுகின்றன.
ஆனால் நான் பேச்சற்று இருந்தபோது
நான்கு மூச்சு காத்திருந்தாள். எண்ணினேன்.
நீங்கள் ஒன்றரை."

ஒன்றரை.
கோபம் வந்தது, மறைப்பானேன்.
அந்தப் பெண்ணின் கட்டணத்தைத் தேடிப் பார்த்தேன்.
என்னுடையதைவிட அதிகம்.

இப்போதெல்லாம் முதல் சந்திப்புக்கு வருகிறவர்களிடம்
நானே சொல்கிறேன், இன்னும் இருவரைப் பாருங்கள்.
சொல்ல நினைக்காத ஒன்று
எந்த அறையில் உங்கள் வாய்தவறி வந்ததோ
அங்கே போங்கள்.
வாடகை கட்டும் நாள் நெருங்கினால்
கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

இன்று எதிரே ஒரு கணித ஆசிரியர்.
"வேலையை விட்டுவிடலாம் என்று..." என்றவர்
மேசை விளிம்பைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.
கீழே மதியப் படகு ஊதுகிறது.
மேல்தளத்தில் யார் நிற்கிறார்கள்
என்று பார்க்க நான் திரும்பவில்லை.

ஒன்று.
கெட்டிலை நேற்றே வெளியே வைத்துவிட்டேன்.
இரண்டு.
நாக்கைப் பல்லுக்குப் பின்னால் பிடித்திருக்கிறேன்.

மூன்று.